வெளிநாடு ஓகே... எந்த ஊர்? - பெரிய சம்பளமா, சின்ன ஊரா... ஒரு குடும்பக் கணக்கு!

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், பெரியபாளையம் சாலை பிரிகிற இடத்தில் வருகிறது புதுவாயல். காலை ஷிஃப்ட் நேரத்தில் இந்தக் கூட்டுரோட்டைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் போகிற கம்பெனி பஸ்கள். இன்னொரு பக்கம் புதுவாயல், கவரைப்பேட்டை பொறியியல் கல்லூரிகளின் பஸ்கள். நடுவில் டூ வீலர்கள், டிரெய்லர் லாரிகள், அவசர டீ.

இந்தப் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. சென்னைக்குள் வீடெடுத்தால் சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போகும். இங்கே இருந்தால் வாடகை குறைவு, வேலை பக்கத்தில், நகரத்துக்குப் போக கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ மின்சார ரயில் இருக்கிறது. மாசக் கடைசியில் கையில் நிற்கிற பணம் எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கின் விடை.

ஆனால், வெளிநாடு என்றதும் பலர் இந்தக் கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். சிங்கப்பூர், துபாய், லண்டன், டொரன்டோ, மியூனிக் என்று பெரிய பெயர்கள்தான் வாயில் வருகின்றன. 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்கிற மாமாக்களும் சித்தப்பாக்களும், 'வாடகை எவ்வளவு?' என்று கேட்பதில்லை.

உலகம் முழுக்க பெரிய நகரங்களின் வாடகை எகிறிக்கொண்டிருக்கும் நேரத்தில், செலவு குறைவாகவும் வாழ்க்கைத் தரம் நன்றாகவும் இருக்கிற சின்ன நகரங்கள் பக்கம் பார்வை திரும்பியிருக்கிறது. நம் ஆட்களுக்கு அது ஒத்துவருமா? எதைப் பார்த்துத் தேர்வு செய்வது? பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயராக இருக்கும் ஒருவருக்கு ஜெர்மனியில் இரண்டு வேலைகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மியூனிக்கில், இன்னொன்று கெம்னிட்ஸில்.

கெம்னிட்ஸ், ஜெர்மனியின் கிழக்கில் சாக்சனி மாநிலத்தில் இருக்கும் பழைய தொழில் நகரம். சுமார் இரண்டரை லட்சம் பேர் வசிக்கிறார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் இதன் பெயர் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். 2025-ல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது. இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள்.

மியூனிக்கில் புதிதாக வாடகைக்கு வரும் வீடுகளுக்குச் சதுர மீட்டருக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். கெம்னிட்ஸில் அது 6 யூரோவை ஒட்டித்தான் இருக்கிறது. கணவன், மனைவி, ஒரு குழந்தைக்கு 60 சதுர மீட்டர் வீடு என்றால் மியூனிக்கில் மாதம் 1,200 யூரோ, கெம்னிட்ஸில் 360 யூரோ. வித்தியாசம் 840 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தாலே, மாதம் 84,000 ரூபாய்! ஹீட்டர், தண்ணீர், குப்பைக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல் தனி.

மியூனிக் கம்பெனி, வரியெல்லாம் போக மாதம் 500 யூரோ கூடுதலாகத் தருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கெம்னிட்ஸில் இருப்பவர் கையில்தான் 340 யூரோ அதிகமாக மிஞ்சும். புதுவாயல் கணக்கு ஜெர்மனியிலும் செல்லுபடியாகிறது!

கணக்கில் ஒளிந்திருக்கும் கண்ணி

இத்தோடு முடிந்தால் நல்லது. ஆனால், விசா என்று ஒன்று இருக்கிறதே!

பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய 'புளூ கார்டு' கிடைக்க ஜெர்மனி ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்திருக்கிறது. 2025-ல் அது ஆண்டுக்கு 48,300 யூரோ. இன்ஜினீயர், ஐ.டி., மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், சமீபத்தில் பட்டம் முடித்தவர்களுக்கும் சுமார் 43,760 யூரோ. ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தொகை மாறும்.

கவனிக்க வேண்டியது, இந்த எல்லை நாடு முழுக்க ஒன்றுதான். மியூனிக்கில் எளிதாகத் தாண்டிவிடலாம். சம்பளம் குறைவான சின்ன ஊரில், வேலை நல்லதாக இருந்தும் இந்தக் கோட்டைத் தொடாமல் போகலாம். அதனால், ஆஃபர் லெட்டரில் உள்ள தொகையை முதலில் இந்த எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பிடித்தம். தனியாக இருப்பவர் ஆண்டுக்கு 48,300 யூரோ வாங்கினால், மாதக் கணக்கில் 4,025. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போகக் கைக்கு வருவது 2,600 யூரோவை ஒட்டித்தான் இருக்கும். மனைவியோ கணவரோ வேலைக்குப் போகாத குடும்பமென்றால் வரி குறையும். பிடித்தம் என்று நினைத்து மனம் நோக வேண்டியதில்லை. அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில், வருமானம் இல்லாத துணைவரும் குழந்தைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்கிறார்கள். குழந்தை ஒன்றுக்கு மாதம் 255 யூரோ உதவித்தொகை (2025 நிலவரம்) வருகிறது. அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை.

ஐ.டி.ஐ., டிப்ளோமா முடித்தவர்களுக்கு வேறு வழி. 2024 ஜூனில் ஜெர்மனி 'வாய்ப்பு அட்டை' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கல்வி, அனுபவம், மொழி, வயது ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. 6 புள்ளிகள் எடுத்தால் ஓராண்டு அங்கே தங்கி வேலை தேடலாம். ஆனால், அந்த ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும். 2025-ல் மாதத்துக்கு 1,091 யூரோ, அதாவது ஆண்டுக்கு 13,000 யூரோவுக்கு மேல். வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. நிலத்தை அடகு வைத்துப் போகலாமா என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

கோபுரம் எழுந்த தொழிற்பேட்டை

சின்ன ஊருக்குப் போனால் கோயில், மளிகை, பேச்சுத்துணை எதுவும் இருக்காதே என்ற பயம் நியாயமானது. அதற்கு ஒரு பதில், ஜெர்மனியின் ஹாம் நகரம்.

டார்ட்மண்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஹாம். நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம். 1980-களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் இந்த வட்டாரத்தில் குடியேறினார்கள். 1989-ல் ஒரு வீட்டின் அடித்தள அறையில் காமாட்சி அம்பாளை வைத்து வழிபாடு தொடங்கியது. அப்படியே தேர்த்திருவிழாவும் வந்தது. கூட்டம் பெருகியதும், குடியிருப்புப் பகுதியில் சத்தம், வண்டி நெரிசல் என்று அக்கம்பக்கத்தில் புகார்கள் எழுந்தன.

சண்டை போட்டுப் பயனில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ஊன்ட்ரோப் என்ற தொழிற்பேட்டைப் பகுதிக்குக் கோயில் போனது. நம்ம ஊர் சிப்காட்டில் ஒரு பிளாட் வாங்கிக் கோயில் கட்டுவது மாதிரி. 2002-ல் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. 17 மீட்டர் உயர ராஜகோபுரம். இன்று ஆண்டுதோறும் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் வருகிறார்கள். பக்கத்தில் ஓடும் கால்வாயில்தான் தீர்த்தவாரி!

பெரிய நகரத்தில் இவ்வளவு இடம் வாங்கிக் கோபுரம் எழுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊரில், சின்னச் சமூகமும் தனக்கென்று ஓர் இடத்தை உருவாக்கிக்கொள்ள முடிகிறது.

மீன் ஆலையில் கிடைத்த பாடம்

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. அதையும் தெரிந்துகொண்டால்தான் முடிவு சரியாக இருக்கும்.

நார்வேயின் வடக்குக் கோடியில் ஃபின்மார்க் என்றொரு பகுதி. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காது. 1980-களிலும் 90-களிலும் இங்குள்ள மீன்பிடிக் கிராமங்களுக்கு ஈழத்தமிழர்கள் போனார்கள். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. வேலையும் வீடும் இருந்தன. ஊர் அமைதியாக இருந்தது. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

ஆனால், காலப்போக்கில் பலர் ஆஸ்லோவுக்கும் தெற்கே உள்ள மற்ற நகரங்களுக்கும் நகர்ந்துவிட்டார்கள். இந்தக் கிராமங்களில் வாழ்ந்த தமிழர்களிடையே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத், அவர்கள் உடல்வலி என்று அடிக்கடி மருத்துவரிடம் போனதைப் பதிவு செய்திருக்கிறார். பரிசோதனைகளில் நோய் என்று திட்டமாக எதுவும் பிடிபடாத வலிகள் அவை. தனிமையும், தன் மனிதர்கள் இல்லாத வாழ்க்கையும் உடம்பின் வழியாகப் பேசுகின்றன என்பது அவர் ஆய்வு சொல்லும் செய்தி.

வாடகை, சம்பளம் பட்டியலில் 'பேச ஆள்' என்பதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பது இதனால்தான். அந்தத் தனிமையை அதிகம் சுமப்பவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவராக இருக்க மாட்டார். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் மனைவியாகவோ, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன அம்மாவாகவோ இருப்பார்.

இன்னும் மூன்று ஊர்கள்

*பினாங்கு, மலேசியா:* தமிழ் கேட்டுக்கொண்டே வாழ ஆசைப்படுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இல்லை. தலைநகர் ஜார்ஜ் டவுன், 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. தண்ணீர்மலை முருகன் கோயில், குட்டி இந்தியா கடைத்தெரு, தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் உண்டு. தொழில்துறைக்காரர்களுக்கு இன்னொரு ஈர்ப்பு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-ல் தொடங்கியது பினாங்கில்தான். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானமும் வந்துவிட்டது. குறை? வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. நிரந்தரக் குடியுரிமை கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளிநாட்டு ஊழியர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் சர்வதேசப் பள்ளிகளில் படிக்க வேண்டியிருப்பதால், அந்தக் கட்டணம் மிச்சத்தைத் தின்றுவிடும்.

*சோஹார், ஓமன்:* வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், ரோலிங் மில் அனுபவம் உள்ளவர்கள் துபாய்க்கு முன் யோசிக்க வேண்டிய ஊர். மஸ்கட்டிலிருந்து சுமார் 200 கி.மீ. துறைமுகம், அலுமினிய ஆலை, இரும்பு ஆலை எல்லாம் ஒரே இடத்தில். கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருட்டாலைகளில் கை பழகியவர்களுக்குப் பழக்கமான வேலைச்சூழல். சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் இல்லை. ஆனால், கோடை வெயில் கடுமை. எத்தனை ஆண்டு உழைத்தாலும், வேலை முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். எனவே, 'அங்கே வாழப்போகிறோம்' என்றில்லாமல் 'இத்தனை ஆண்டு, இவ்வளவு சேமிப்பு' என்று இலக்கு வைத்துப் போக வேண்டிய ஊர் இது.

*ஆஸ்திரேலியாவின் 'ரீஜனல்' ஊர்கள்:* சின்ன ஊருக்குப் போகிறவர்களுக்கு விசாவிலேயே சலுகை கொடுக்கிற நாடு ஆஸ்திரேலியா. 2019 நவம்பரில் வந்த 491 விசாவில் மாநில அரசின் பரிந்துரை கிடைத்தால் 15 புள்ளிகள் கூடும். ஐந்தாண்டு விசா. மூன்றாண்டுகள் அங்கே வசித்து வேலை செய்த பின் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனை, சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர்க்க வேண்டும். ஜீலாங், வுலங்காங், நியூகாஸில் என்று தேர்வு செய்யப் பல நகரங்கள் உண்டு. வுலங்காங் நகர எல்லைக்குள் இருக்கும் ஹெலன்ஸ்பர்க்கில் 1985-ல் கும்பாபிஷேகம் கண்ட வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆனால், கொரோனாவுக்குப் பிறகு இந்த ஊர்களிலும் வாடகை ஏறிவிட்டது. 'சின்ன ஊர் என்றாலே மலிவு' என்று பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஊரைத் தேர்வு செய்ய ஏழு கேள்விகள்

1. கையில் எவ்வளவு மிஞ்சும்? சம்பளத்திலிருந்து வரி, வாடகை, ஹீட்டர், போக்குவரத்து, காப்பீடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை வைத்து ஊர்களை ஒப்பிடுங்கள்.

2. இந்த வேலை போனால், அடுத்த வேலை இதே ஊரில் உண்டா? ஒரே ஒரு ஆலையை நம்பியிருக்கும் ஊர் ஆபத்து. ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் இன்னும் சில கம்பெனிகளாவது இருக்க வேண்டும்.

3. துணைவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா? ஜெர்மனியில் புளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவியோ கணவரோ உடனே வேலைக்குப் போகலாம். பல நாடுகளில் இது முடியாது. இங்கே டீச்சராகவோ பேங்கிலோ வேலை பார்ப்பவர் அதை விட்டுவிட்டு வருகிறார் என்றால், அந்தச் சம்பள இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

4. கார் இல்லாமல் வாழ முடியுமா? ஜெர்மனியில் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம்களில் போக ஒரே மாதாந்தர டிக்கெட் உண்டு. 2023-ல் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 யூரோ ஆனது. ஆஸ்திரேலியாவின் சின்ன ஊர்களில் கார் இல்லாமல் காய்கறிகூட வாங்க முடியாமல் போகலாம்.

5. மொழி? பெரிய நகரத்தில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். சின்ன ஊரில் பக்கத்து வீட்டுப் பாட்டி, டாக்டரின் ரிசப்ஷனிஸ்ட், பள்ளி டீச்சர் எல்லோரும் உள்ளூர் மொழிதான். கிளம்புவதற்கு முன் ஆறு மாதமாவது படியுங்கள். கூடப் போகிறவரும் படிக்க வேண்டும்.

6. நம்மை எப்படிப் பார்க்கிறார்கள்? இதைக் கூச்சப்படாமல் விசாரியுங்கள். வாடகை மலிவான கெம்னிட்ஸில் 2018 ஆகஸ்ட்டில் வெளிநாட்டவர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. அதே ஊரில் நிம்மதியாகப் படித்து, வேலை பார்த்து வாழும் இந்தியர்களும் இருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்த ஏரியா என்பதை அங்கேயே வசிப்பவர்களிடம் கேட்பதுதான் சரி.

7. பெற்றோர்? இங்கே அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால், அங்கிருந்து வீடு வந்து சேர எத்தனை மணி நேரம்? சின்ன ஊரிலிருந்து விமான நிலையத்துக்கே சில மணி நேரப் பயணம் இருக்கலாம். பெற்றோரை உடன் அழைத்துக்கொள்ள, 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல் அனுமதி பெற்ற திறன் பணியாளர்களுக்கு ஜெர்மனி வழி திறந்திருக்கிறது. ஆனால், வயதானவர்களுக்கு அங்கே மருத்துவக் காப்பீடு எடுப்பதற்குள் முழி பிதுங்கிவிடும்.

ஏமாறாமல் இருக்க...

'சின்ன ஊர், நல்ல சம்பளம், டேட்டா என்ட்ரி வேலை' என்று வாட்ஸ்அப்பில் வருகிற எல்லாமே நல்ல செய்தி இல்லை. தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் பலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டது 2022 முதல் வெளிச்சத்துக்கு வந்தது. அவர்களை மீட்க அரசுகள் தலையிட வேண்டியிருந்தது.

எனவே, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், வெளியுறவுத் துறையின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்க முடியும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்டாலே உஷாராகிவிடுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி தேவை. சென்னையிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. அப்படிப் போகிறவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. 1978-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்து வைக்கலாம்.

சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் ஊரின் பெயர், வேலையின் பெயர், சம்பளம், தங்குமிடம் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் ஆறு மாதம்

முடிந்தால் குடும்பத்தோடு ஒரேயடியாகக் கிளம்பாதீர்கள். வேலைக்குப் போகிறவர் முதலில் போய் ஆறு மாதம் இருக்கட்டும். குளிர்நாடு என்றால் அந்த ஆறு மாதத்தில் குளிர்காலம் வரும்படியும், வளைகுடா என்றால் கோடை வரும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரின் மோசமான முகத்தைப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

அதற்குள், மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேரிடம் வாய்விட்டுப் பேசினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு பத்தியும் நிறைந்திருந்தால், தைரியமாக வீட்டுக்கு டிக்கெட் போடலாம். ஒன்று நிறைந்து இன்னொன்று காலியாக இருந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து பேசுங்கள். கூட வரப்போகிறவரின் வாக்குக்கு அந்தப் பேச்சில் இரண்டு ஓட்டு!